டைகரோடு அத்தை போன தூரம்

மாமா தில்லிக்கு மாற்றலாகிப் போனபோது, கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தன் நாய் டைகரை எங்கள் தி. நகர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். உடம்பு பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். அதற்கப்புறம் மாமா நாயைப் பற்றி விசாரிக்கவே இல்லை.

விடிந்ததும் அதை வெளியே கூட்டிப்போக வேண்டும். நாயைத் தொட்டால் குளிக்கணும் என்பாள் அம்மா. அப்பாவோ தெருமுனைக்குப் போகவே ரிக்‌ஷா தேடுகிறவர். கடைசியில் அந்த வேலை அத்தை தலையில் விழுந்தது.

அத்தை அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு இருந்தாள். தெருவில் எல்லோரும் ஆபீஸ் கிளம்பி முடிகிற வரை வாசலுக்கு வரமாட்டாள். ஒருமுறை தவறி எதிர்ப்பட்டுவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் உள்ளே திரும்பிப்போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார். மறதிக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

டைகர் வந்தபின், அதன் குரலைக் கேட்டதுமே அவர் உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தை அதைப் பார்த்துச் சிரிப்பாள். முதலில் நாய்தான் அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. போகப் போக அவள் வேகத்துக்கு அதற்கு மூச்சிரைத்தது. பனகல் பார்க்கைச் சுற்றிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வருவாள். முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பது நின்றது. இன்னொரு தோசை போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவளைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

டைகருக்கு வயதாகிவிட்டது. ஒருநாள் காலை வாசல்வரை வந்து படுத்துக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் எழுந்திருக்கவில்லை.

"பாவம், விட்டுடு அக்கா. நீயும் இனிமே அலைய வேண்டாம், ஆத்துலயே இரு" என்றார் அப்பா, அன்பாகத்தான்.

அத்தை குனிந்து டைகரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அதாலதான் நடக்க முடியலையே அத்தை, எதுக்குத் தூக்கிண்டு போறே?"

"இது இல்லேன்னா என்னை யாருடி வெளியில விடுவா?"

திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டு கேட் திறந்தேதான் கிடந்தது. அதற்குப் பூட்டே கிடையாது. இத்தனை வருஷம் இங்கேயே இருக்கிறாள், அத்தைக்கு இதுகூடவா தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.