கட்டில் உயரத்தில் ஒரு கார்

நான்கு டயரையும் கட்டையால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துச் சத்தம் கேட்ட பிறகுதான் தர்மன் சாவியை எடுப்பார். அரியலூர்ச் சுரங்கங்களிலிருந்து சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிக்காரரின் பழக்கம் அது. பத்துச் சக்கரத்துக்குச் செய்த உபசாரத்தைப் பழைய வெள்ளை ஆல்ட்டோவுக்கும் குறைவில்லாமல் செய்கிறார்.

ஆள் ஆறடிக்குக் குறையமாட்டார், வயிறும் தாராளம். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே அவர் தம்மை நுழைத்துக்கொள்ளும் காட்சிக்காகவே தெருமுனை டீக்கடையில் ஒரு கூட்டம் காத்திருக்கும்.

"புள்ளையாரு எலி மேல ஏறிட்டாரு, வழி வுடுங்கப்பா!" என்பார் கடைக்காரர் செல்லதுரை.

"அவருக்கே எலி போதும்னா எனக்கென்னய்யா கொறச்சல்?" என்று தர்மன் ஆரன் அடிப்பார். அது மட்டும் லாரி ஆரன். கடையில் கிளாஸ் அதிரும்.

கிண்டல் செய்த வாய்களெல்லாம் வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் மூடிக்கொள்ளும். ஒரு பக்கம் சாக்கடை, மறு பக்கம் வரிசையாக வாசற்படிகள், நடுவில் எவனோ நிறுத்திவிட்டுப் போன பைக். பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு, ஒரு படியையும் உரசாமல், வண்டி அவர் வீட்டு வாசலில் போய் நிற்கும்.

இந்த வண்டி வந்ததற்குக் காரணம் அவருடைய மனைவி வேணி. பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப அமர்த்திய வேனின் படி உயரம். நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றினார்கள். வேன் தெருவுக்குள் நுழையாது என்பதால் முனையில் இறக்கி, வீடு வரைக்கும் தூக்கியே வந்தார்கள். விலகிய சேலையை இழுத்துவிட இடது கைக்கு எட்டவில்லை. தெருவே நின்று பார்த்தது.

"செத்த பொறவு நாலு பேரு தூக்கட்டும். உசுரோட இருக்குறப்ப என்னைய யாரும் தூக்கப்படாது" என்றார் வேணி. அதோடு வாசலைத் தாண்டவில்லை. தம்பி மகள் கல்யாணத்துக்குக் கூட அசையவில்லை.

கட்டிலில் மட்டும் அவர் யார் துணையும் இல்லாமல் உட்காருவதையும் எழுவதையும் தர்மன் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் சவுக்குக் குச்சி ஒன்றைக் கட்டில் உயரத்துக்கு நறுக்கி எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறினார். பழைய கார் விற்கும் இடமெல்லாம் புகுந்து, கதவைத் திறந்து, குச்சியை நிறுத்திப் பார்த்தார். பெரிய வண்டிகளில் குச்சி சீட்டை எட்டவே இல்லை. விற்கிறவர் எஞ்சின், மைலேஜ் என்று அடுக்கினார்.

"அதெல்லாம் நல்லாத்தாங்க இருக்கும். எங்க வூட்டம்மா உக்காரணும், அதச் சொல்லுங்க" என்றார் தர்மன். ஆல்ட்டோவின் சீட்டும் குச்சியும் ஒரே மட்டம். அன்றைக்கே முடித்துவிட்டார்.

அதிலிருந்து வேணி கை கால் பயிற்சி கொடுக்கும் டாக்டரிடம் போகிறார், சந்தைக்குப் போகிறார், போன வாரம் ரஞ்சன்குடிக் கோட்டையைக் காரில் இருந்தபடியே பார்த்துவிட்டு வந்தார். முப்பது வருஷம் லாரிக்குள் தாவி ஏறிய மனிதருக்கு, மனைவி ஒரு சீட்டில் உட்காருவது இன்னும் பழகவில்லை. "எத்தன தடவ பாத்தாலும் மேலெல்லாம் சிலுக்குதுய்யா" என்று செல்லதுரையிடம் சொல்லியிருக்கிறார்.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் அறிவரசன் இதெதையும் கண்டதில்லை. அவனுடைய குழந்தைக்குக் காதுகுத்து, ஜெயங்கொண்டம் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில். அதற்கு வந்தவன் அப்பா அம்மாவுக்கென்று புதிதாக ஒரு பெரிய காரே வாங்கி வந்துவிட்டான். அது தெருமுனையில் நின்றது.

"அந்த டப்பாவக் குடுத்துடலாம்ப்பா. மானம் போவுது. அம்மாவ நான் தூக்கிட்டு வந்துடுறேன்."

வேணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "நான் வரலப்பா. நீங்க போயிட்டு வாங்க." பேத்தியின் காதுகுத்துக்கு ஆசையாக இடது கையாலேயே நெய்த்தோசை சுட்டு அடுக்கி வைத்திருந்தவர் அவர். 

தர்மன் வெளியே போனார். ஆல்ட்டோவைப் பின்னால் எடுத்து வாசற்படியோடு ஒட்டி நிறுத்தி, முன்கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றார்.

வேணி சுவரைப் பிடித்து மெல்ல வந்தார். கைகொடுக்கப் பாய்ந்த மகனைத் தர்மன் தோளைத் தொட்டு நிறுத்தினார். வேணி காருக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையால் கதவைப் பற்றி, கட்டிலில் அமர்வது போலவே அமர்ந்தார். அந்தக் கையாலேயே வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். இடது கால் தானாகப் பின்தொடர்ந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.  அறிவரசனுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் தாயை அவன் அன்றுதான் புதிதாகப் பார்த்தான்.

பெரிய காரின் சாவியை, வாசலில் சொந்தக்காரர்களோடு நின்ற மச்சானிடம் எறிந்துவிட்டு, ஆல்ட்டோவின் பின்கதவை இழுத்தான். பூட்டியிருந்தது. கைப்பிடியை விடாமல் நின்றான்.

வேணி திரும்பிப் பார்க்காமல், இடது கையைச் சீட்டுக்குப் பின்னால் நீட்டித் துழாவி, பின்கதவின் பூட்டுக் குமிழை மேலே இழுத்துவிட்டார்.