ஜெனியின் தலையில் நீர்க்கட்டி இன்னும் இருக்கிறது

போன மாதச் சபைக் கடிதத்தில், என் மகள் ஜெனியின் மூளையில் இருந்த நீர்க்கட்டி ஜெபத்தில் கரைந்து காணாமல் போனதாக அச்சடித்திருந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது பொய். கட்டி இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் என் ஜெபத்துக்குப் பதில் கொடுத்தார். அதை நடந்தது நடந்தபடி சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

நான் ஸ்டெல்லா. கோவில்பதாகையில் இருக்கிறோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. இரும்புச் சாமானில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவேன். வீட்டுக்காரர் அருள் ஆட்டோ ஓட்டுகிறார். ஜெனி ஒரே பிள்ளை. அப்போது ஒன்பதாம் வகுப்பு.

போன வருஷம் ஜூனில், பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் வாந்தி. படிக்கச் சோம்பல்பட்டு நடிக்கிறாள் என்றார்கள் பள்ளியில். வீட்டில் ஏதாவது பாவம் மறைந்திருக்கிறதா, ஆராய்ந்து பார் என்றார் சபையில் ஒரு அம்மா. நானும் பைத்தியக்காரி மாதிரி ஆராய்ந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் தங்கையிடம் சொன்ன ஒரு பொய்க்குக்கூட போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். தலைவலி போகவில்லை. கண்ணாடி போட்டும் போகவில்லை. கடைசியில் அருள்தான் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார். மூளையில் நீர்க்கட்டி என்று ரிப்போர்ட் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மூளை டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம் நாள் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. என் பிள்ளை செத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அந்த நாள் வருவதற்குள் வெள்ளானூர் மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளியூர்ப் பிரசங்கியார் ஜெனியின் தலையில் கை வைத்து, கட்டி கரைந்துவிட்டது என்று மைக்கில் அறிவித்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் மண்ணில் விழுந்து அழுதேன். இனிமேல் டாக்டரிடம் போய்ப் பார்ப்பதே அவிசுவாசம், சந்தேகப்பட்டால் வந்த சுகம் போய்விடும் என்றும் அவர் சொன்னார். நான் நம்பினேன். டாக்டரிடம் போகவில்லை.

"இன்னா ஸ்டெல்லா நீ? டாக்டர் வரச் சொல்லிகீறாரு, போலன்னா எப்டி?" என்று அருள் கேட்டார். சபைப் பக்கமே வராத உங்களுக்கு என்ன தெரியும் என்று அவர் வாயை அடைத்தேன்.

ஆறு வாரம் போனது. எப்போது கேட்டாலும் தலைவலி இல்லையென்றாள் ஜெனி. ஆனால் நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். தம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினாள். எனக்கு உறுத்தியது. உறுத்துவதே பாவமென்று பயந்தேன். ஒருநாள் விடியற்காலையில் சமையலறையிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, சுகம் நிஜமென்றால் எனக்குச் சமாதானம் தாரும். பொய்யென்றால் என் கண்ணுக்குக் காட்டும்" என்று ஜெபித்தேன்.

அந்த வாரம் சபையில் பிள்ளைகளே ஆராதனை நடத்துகிற பிள்ளைகள் ஞாயிறு. வேதபாடம் வாசிக்க ஜெனியை வைத்திருந்தார்கள். மைக் ஸ்டாண்டு நிற்காமல் சரிந்ததால், நான் போய்ப் பக்கத்தில் நின்று மைக்கைப் பிடித்தேன். ஜெனி விரல் வைத்து மளமளவென்று வாசித்தாள். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சும்மா அவள் முன்னால் விரிந்திருந்த வேதாகமத்தைப் பார்த்தேன். அவள் விரல் நகர்ந்துகொண்டிருந்தது கடைசிப் பக்கத்து வரைபடத்தின் மேல். அங்கே கடலும் ஆறும்தான் இருந்தன, வாசிக்க ஒரு வசனமும் இல்லை.

வெளியே இழுத்துக்கொண்டு வந்து கேட்டேன்.

"எழுத்து தெரிலம்மா. போன்ல கேட்டு மனப்பாடம் பண்ணேன். சந்தேகப்பட்டா சுகம் போய்டும்னு அந்த ஐயா சொன்னாரே. உன்னாண்ட சொன்னா, என்னாலதான் போச்சுன்னு ஆயிடும்ல."

பதினாலு வயசுப் பிள்ளை. கண் மங்குவதைத் தன் அவிசுவாசம் என்று நினைத்து மறைத்திருக்கிறாள். வலியையும் மறைத்திருக்கிறாள். யார் அந்தப் பாரத்தை அவள் தலையில் வைத்தது? சுகமென்று மைக்கில் அறிவித்தவர் வைத்தார். கை தட்டியவர்கள் வைத்தார்கள். பெற்றவள் நானும் வைத்தேன்.

அருளுக்குப் போன் போட்டு வரவழைத்து, ஆராதனை முடிவதற்குள் அவர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். டாக்டரம்மா படத்தைக் காட்டி விளக்கினார். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் நீர் தேங்கி உண்டாகிற பை இது. பெரும்பாலும் கருவிலேயே உண்டாகிவிடும். நெற்றிப்பொட்டுப் பக்கம்தான் அதிகம் வரும், ஆண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல். நிறையப் பேர் அது இருப்பதே தெரியாமல் கடைசிவரை நன்றாக வாழ்வார்கள், வைத்தியமே வேண்டாம். ஜெனிக்கு அது நடுவில், கண் நரம்புக்குப் பக்கத்தில் இருந்தது. மூளைக்குள் நீர் ஓடுகிற வழியையும் அடைத்துவிட்டது. அதுதான் ஆபத்து என்றார்.

"நான் செய்த பாவமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பாவமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. ஆனா குடுத்த நாளுக்கு வந்திருக்கணும்" என்றார்.

இரண்டாம் நாள் ஆபரேஷன். சின்னத் துளை வழியாகக் குழாய்க் கேமரா விட்டு, பையின் சுவரைத் திறந்து நீருக்கு வழி விட்டார்கள். தலைவலி நின்றது. பார்வை திரும்பியது. இடது கண்ணில் ஓரப் பார்வை மட்டும் திரும்பவில்லை. அது இனி வராது. பை சுருங்கி உள்ளேயே இருக்கிறது, வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாஸ்டரிடம் போய்ச் சபைக் கடிதத்தைத் திருத்தச் சொன்னேன். கரைந்தது என்றே இருக்கட்டுமே சிஸ்டர், நாலு பேருக்கு விசுவாசம் வளரும் என்றார். என் பிள்ளையின் கண்ணைத் தின்றது அந்த மாதிரி விசுவாசம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆண்டவருக்கு நம் பொய் எதற்கு? நான் கேட்டது உண்மையை. அவர் அதைக் காட்டினார், அறுப்பதற்கு ஒரு கையையும் கொடுத்தார். இதைவிட என்ன அற்புதம் வேண்டும்?

அருளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது யார் ஜெபிக்கச் சொன்னாலும் ஜெபிக்கிறேன், டாக்டரிடம் துணைக்கும் போகிறேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது நோவு இருந்தால் முழங்கால் போடுங்கள், அப்புறம் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆண்டவர் இரண்டு இடத்திலும் இருக்கிறார். அவரை நம்புங்கள்.

போன ஞாயிறு ஜெனி மறுபடி வேதபாடம் வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கியது. ஒரு வரியை விட்டுவிட்டு, திரும்பப் போய் வாசித்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒவ்வொரு தடுக்கலுக்கும் நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.