தபால் வேலைக்குப் பதின்மூன்று மைல்

அன்று காலை தேயிலை ஸ்டோர் வாசலில் இருந்தவர்கள்: கையில் கடிகாரத்தோடு துரை, அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பெரிய கணக்கப்பிள்ளை, ஓடுவதற்கு நாங்கள் பதினொரு பேர், வேடிக்கை பார்க்க எங்கப்பா உட்பட லயத்து வரிசை வீட்டு ஆண்கள் பாதிப் பேர். வராதவர்களில் சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்களம்மா. சும்மா ஓடுவதைப் பார்க்க ஒரு நாள் பேரை, அந்த நாள் கூலியை, இழக்க முடியாது என்று கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். இன்னொருவர் தோட்டத்துப் பழைய தபால்காரர். அவர் போன மாதமே குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். அவர் போனதால்தான் இந்த ஓட்டமே.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு மேலாளராக வந்தவர் இந்தத் துரை. கொழும்புக்காரர். கல்லூரிக் காலத்தில் நெடுந்தூரம் ஓடியவராம். தினம் பண்டாரவளைத் தபால் கந்தோருக்குப் போய்ப் பையை வாங்கி வருகிற வேலைக்கு ஆள் வேண்டும் என்றதும், வேறு யாருக்கும் தோன்றாத யோசனை அவருக்குத் தோன்றியது. ஸ்டோரிலிருந்து டவுனுக்கு ஆறரை மைல், திரும்பி வர ஆறரை மைல். காரில் போய் அவரே அளந்தார். முதலில் வருகிறவனுக்கு வேலை.

எனக்கு அந்த வேலை வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாவது வரை படித்தவன் நான். மூன்று பாஷையில் விலாசம் வாசிப்பேன். ஆனாலும் பரீட்சை எழுதிய மறுமாதம் என் கையில் கொடுக்கப்பட்டது புல்வெட்டும் மண்வெட்டிதான். தபால் பையைத் தோளில் மாட்டினால் அந்த மண்வெட்டியைக் கீழே போடலாம். இதற்காக நான் மூன்று வாரம் இருட்டோடு எழுந்து ஓடிப் பழகினேன். லயத்து நாய்கள் எல்லாம் என்னோடு சேர்ந்து பழகின.

துரை இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். வீதி வழியாக ஓட வேண்டும், வளைவுகளில் மூச்சை எப்படிப் பிடிக்க வேண்டும், மனிதனின் உறுதி மேட்டில்தான் தெரியும் என்றெல்லாம். எனக்கு நெஞ்சு விம்மியது. அவர் முடித்ததும் கணக்கப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னார்.

"டவுனுக்குப் போயி, தபால் கந்தோருக்கு எதிர்த்தாப்புல நானா கடையில கையில சீலு குத்திக்கிட்டு வரணும். மொத வர்றவனுக்கு வேலை. ஓடுங்கடா."

விசில் ஊதியதும் பாய்ந்தேன். சித்தப்பா மகன் கொடுத்த வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து, ஒரு அளவு சின்னது. மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். முதல் வளைவில் நான்தான் முன்னால். இரண்டாம் வளைவில் திரும்பிப் பார்த்தேன், ஒருத்தரையும் காணோம். இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு தூரம் பிந்திவிட்டார்களே என்று எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. கல்வி மனிதனை எங்கேயோ கொண்டுபோய் விடுகிறது என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

வீதி எங்கள் மலையைச் சுற்றிச் சுற்றி ஆற்றுப் பாலம் வரை இறங்கி, மறுபடி சுற்றிச் சுற்றி டவுனுக்கு ஏறும். இறங்கும்போது கால்விரல்கள் சப்பாத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஏறும்போது முழங்கால்களைக் கையால் ஊன்றித் தள்ளிக்கொண்டு ஏறினேன். நானா கடையை எட்டியபோது கையை நீட்டத்தான் முடிந்தது, பேச முடியவில்லை. நானா, அந்த முஸ்லிம் கடைக்காரர், ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி என் மணிக்கட்டில் குத்தினார்.

"நீங்கதான் கடைசியா தம்பி?"

"மொத ஆளு நானா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அல்லாவே! பத்துப் பேர் வந்து, சீலும் குத்தி, ஆளுக்கொரு பிளேன்டியும் குடிச்சிட்டுப் போயிட்டாங்களே. ஒருத்தன் பீடி வேற வாங்கினான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குறுக்கு!

தோட்டத்தில் எவனும் டவுனுக்கு வீதியால் போவதில்லை. வீதி லொறிக்கும் துரையின் காருக்கும் உள்ளது. மனுசர்கள் போவது குறுக்கால்: தேயிலைக்குள் நேரே இறங்கி, ஆற்றில் கல்லுக்குக் கல் தாண்டி, அந்தப் பக்கம் நேரே ஏறினால் டவுன். இரண்டே மைல். நானும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் போயிருக்கிறேன். அன்று ஒரு நாள் மட்டும் வீதியால் வந்தேன். அவர்கள் ஏமாற்றவும் இல்லை. டவுனுக்குப் போய் வரச் சொன்னார்கள், போய் வந்தார்கள்.

"நீங்களும் அந்தப் பக்கமா எறங்கிப் போங்களேன், யாரு பாக்கிறது?" என்றார் நானா.

போயிருக்கலாம். ஆனால் துரை சொன்னதை விளங்கிக்கொண்டு ஓடியவன் நான் ஒருவன்தான். உண்மை தெரிந்தால் வேலை எனக்குத்தானே என்று ஒரு கணக்கும் ஓடியது. வீதியிலேயே திரும்பினேன்.

பாலத்துக்கு மேலே வீதியோர லயத்தில் பெண்கள் விடிந்ததிலிருந்து ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். அவர்கள் கண்ணில் அன்று பட்ட ஒரே ஓட்டக்காரன் நான்.

"அடியே, மொத ஆளு நம்ம அக்கா மகன்தான்டி! படிச்ச புள்ளன்னா சும்மாவா!"

என்னை நிறுத்தி மஞ்சள் தண்ணீர் சுற்றினார்கள். குங்குமம் வைத்தார்கள், அது வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கியது. ஒரு செவ்வந்தி மாலையும் விழுந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். அடக்கமான பிள்ளை என்றார்கள். விளக்கம் சொல்ல மூச்சில்லாததால் மாலையோடு ஓடினேன்.

ஸ்டோருக்கு வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. வென்றவன் குளித்துத் தலை சீவி உட்கார்ந்திருந்தான். என் மாமன் மகன், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், கையெழுத்துக்குப் பெருவிரல் வைக்கிறவன். எங்கப்பா ஓடி வந்தார்.

"எங்கடா போயிருந்த இவ்வளவு நேரம்? மாலை ஏதுடா?"

"ரோட்டால வந்தேம்ப்பா."

"ரோட்டாலயா? ஏன்?"

நான் மாலையைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தேன்.

துரை தரையில் நிற்கவில்லை. பதின்மூன்று மைலை வெறுங்காலில் ஐம்பத்தாறு நிமிடத்தில் ஓடியிருக்கிறார்கள்! உலகத்தில் எவனும் ஓடாத ஓட்டம் தன் தோட்டத்தில் நடந்துவிட்டதென்று பதுளைக்கும் கொழும்புக்கும் டெலிபோன் போட்டுவிட்டார். என்னைப் பார்த்ததும் முகம் இரங்கியது. நெஞ்சில் ஏதும் நோய் உண்டா என்று இங்கிலீஷில் கேட்டார்.

எல்லாருடைய கண்ணும் என் வாயில் இருந்தது. அங்கே துரையோடு நேரே பேசக்கூடியவர்கள் நானும் கணக்கப்பிள்ளையும்தான். கணக்கப்பிள்ளை குடைக்குப் பின்னால் போய்விட்டார். மாமன் மகன் மெல்ல, "மச்சான், பாத்துப் பேசு" என்றான்.

"நான் வீதியால் வந்தேன் சார்," என்றேன்.

"எல்லாரும்தான் வீதியால் வந்தார்கள். வேறு எதனால் வருவது?" என்றார் துரை. மருந்து கொடுப்பவரிடம் என்னைக் கூட்டிப்போகச் சொன்னார். காரைவிட்டு இறங்காதவருக்குக் குறுக்கு எங்கே தெரியும்? எனக்கு இருமல் மருந்து கிடைத்தது. மாமன் மகனுக்குத் தபால் பை கிடைத்தது.

அதோடு போயிருந்தால் என் ஒருவன் நட்டம். திங்கட்கிழமை காலை பெரட்டில் ஆள் கணக்கெடுக்க எல்லாரும் வந்து நின்றபோது துரை புதுச் சட்டம் போட்டார். மேல் லயத்து ஆட்கள் மேட்டிலிருந்து இறங்கி வர வேண்டுமென்று அதுவரை கால் மணி நேரம் பொறுப்பார்கள். இப்படி ஓடக்கூடிய சனத்துக்கு எதற்குக் கால் மணி நேரம்? இனிப் பிந்தினால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்.

முதல் நாளே அரைப்பேர் விழுந்தது மேல் லயத்திலிருந்து இறங்கி வந்த எங்களம்மாவுக்கு.

"ஓடுனது அந்தத் தடிப்பயலுங்க, அரைப்பேரு எனக்கா? போயி உள்ளதச் சொல்லுங்கடா!"

"சொன்னா வேல போயிருமே அத்தே," என்றான் மாமன் மகன்.

"சொல்லலேன்னா எம் பேரு போவுது. ஒன் வேலைக்கு நான் தினமும் அரை வயித்தோட நிக்கவா?"

அவன் மூன்று வாரம் இழுத்தான். கடைசியில் லயத்துப் பெண்கள் எல்லாரும் அவனோடு பேசுவதை நிறுத்தியதும் வந்தான். அவன் தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் சொன்னேன். இந்த முறை ஒரு சொல் குறைக்கவில்லை. துரை நம்பவில்லை. காட்டு என்றார்.

அரைக்கால் சட்டையும் நீளக் காலுறையுமாகத் தேயிலைக்குள் இறங்கினார். முதல் வடிகால் கானில் சறுக்கி உட்கார்ந்தார். ஆற்றில் ஒரு கல்லுக்கும் மறு கல்லுக்கும் நடுவில் முழங்கால் வரை இறங்கினார். நானா கடையை அடைந்தபோது காலுறைக்குள் அட்டைகள் விருந்துண்டு கொண்டிருந்தன. அவற்றை உப்புப் போட்டு உதிர்த்துவிட்டு, பிளேன்டி குடித்து, தன் கையையும் நீட்டிச் சீல் குத்திக்கொண்டார். பிறகு சிரித்தார் பாருங்கள், கடையே அதிர்ந்தது.

எனக்கு நம்பிக்கை வந்தது. "சார், நீங்கள் சொன்னபடி ஓடியவன் நான் ஒருவன்தான்," என்றேன்.

"நல்ல பையன்," என்றார். "ஆனால் தபாலை உன்னிடம் கொடுத்தால் காலைப் பத்திரிகையை நான் ராத்திரிதான் படிக்க வேண்டியிருக்கும்."

வேலை மாமன் மகனிடமே இருந்தது. விலாசம் வாசிக்கத் தினமும் சாயங்காலம் என்னிடம் வந்தான். நான் மண்வெட்டியைக் கழுவிவிட்டு வாசித்துக் கொடுத்தேன். பெரட்டில் பழைய கால் மணி நேரமும் திரும்பி வந்தது. விழுந்த அரைப்பேர்கள் மட்டும் திரும்பவில்லை. மாதக் கணக்கு முடிந்துவிட்டது என்றார் கணக்கப்பிள்ளை. சம்பள நாளில் மேல் லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியும் தனக்குக் குறைந்ததைச் சொல்லச் சொல்ல, எங்களம்மா என்னை மொத்தமாகக் கணக்குக் கூட்டச் சொன்னாள். நூற்றுப் பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம்.