அட்டையில் இல்லாத பதில்

போடி பஜாரில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. ஞாயிற்றுக்கிழமைதான் மலையிலிருந்து சரக்கு இறங்கும் என்று என் கணவர் சர்ச்சுக்கு வராமல் கடையைத் திறப்பார். “இப்படியே இருந்தா உங்களுக்கு மோட்சம் கிடையாது” என்று இருபது வருடம் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே சாவியை எடுப்பார்.

போன வருடம் அவருக்கு ஈரலில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வீட்டில் ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது என் கையைப் பிடித்தார்.

“ஏ புள்ள, ஆண்டவர் என்னைய ஏத்துக்கிடுவாரா?”

நோயாளிகள் இருந்த எத்தனையோ வீடுகளுக்குப் போய், ரட்சிப்பு நிச்சயம் என்று தைரியம் சொன்னவள் நான். அன்று, பைபிள் வசன அட்டைகள் போட்டுவைத்திருக்கும் வாக்குத்தத்தப் பெட்டியை ஓடிப்போய் எடுத்துவந்தேன். ஒன்றை உருவினேன். மழையைப் பற்றிய வசனம். அதைச் சொருகிவிட்டு இன்னொன்றை எடுத்தேன். அது விளைச்சலைப் பற்றியது. மூன்றாவதற்குக் கை போனபோது அவர் தடுத்தார்.

“அட்டைய விடு. கிடையாதுன்னு சொன்னவ நீதான? இப்பவும் நீயே சொல்லு.”

“ஏத்துக்கிடுவாருங்க” என்றேன். நம்பிச் சொல்லவில்லை. அந்தக் கண்களைப் பார்க்க முடியாமல் சொன்னேன்.

“நீ சொன்னாச் சரிதான்” என்று மீதிக் கஞ்சியையும் குடித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, கடை திறக்கும் நேரத்தில், அமைதியாகப் போய்விட்டார்.

இன்றும் சர்ச்சில் முன்வரிசையில்தான் உட்காருகிறேன். அதே கேள்வியை நான் கேட்டால், பொய்யாகவாவது பதில் சொல்ல அவர் இல்லை.