கழுத்துப் பொத்தான்

பின்கழுத்தில் அப்பாவின் கை பட்டால் காய்ந்த வாழைச்சருகு உரசுவதுபோல் இருக்கும். மண்டையில் தேங்காயெண்ணெய் வழிய வழியத் தேய்த்து, சீப்பை உள்ளங்கையில் இடுக்கிக்கொண்டு வகிடு கோணாமல் எடுத்து, இரட்டைச்சடை பின்னி மடித்துச் சிவப்பு ரிப்பன் கட்டி முடிக்கும்வரை அந்தச் சருகு கழுத்திலும் காதிலும் மாறி மாறி உரசிக்கொண்டே இருக்கும். வலது கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும்தான் அவர் சொன்னபடி கேட்கும். மற்றவை ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே மடங்கிக் கிடந்தன. இடது கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சடையின் மூன்று புரிகளில் ஒன்றை எப்போதும் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார். அந்தக் கைகளையும் பல்லையும் வைத்துக்கொண்டு எங்கள் தெருவிலேயே நேர்த்தியாகச் சடை பின்னியவர் அவர்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

சாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விடியுமுன்பே கம்பெனி வேன் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்புறம் என்னையும் அக்கா முத்துமாரியையும் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது அப்பாவின் வேலை. பட்டாசுக் கம்பெனிக்கு அதிகாரிகள் வந்து சோதித்துப் பார்ப்பதை "இன்ஸ்பெக்சன்" என்பார்கள். எங்களை வாசலில் நிறுத்தி அப்பா பார்ப்பதற்கும் எங்கள் வீட்டில் அதேதான் பெயர். நகக்கண்ணில் அழுக்கு இருக்கக் கூடாது, சட்டைக் காலரில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியக் கூடாது, பாவாடை மடிப்புக் கலையக் கூடாது, பவுடர் திட்டுத் திட்டாக நிற்கக் கூடாது. ஏதாவது ஒன்று சரியில்லையென்றால் திரும்பவும் முதலிலிருந்து. பிரேயர் மணி அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன, அவருக்குக் கவலையில்லை. லேட்டாகப் போய் வெயிலில் முட்டி போடுவது நாங்கள்தானே.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது அவர் வாயில் ஓயாது. "ஆள் பாதி, ஆடை பாதி" என்பது அதற்கடுத்தது. இதெல்லாம் எல்லா வீட்டிலும் சொல்கிறதுதான். ஆனால் எங்கள் அப்பா கூடவே இன்னொன்றும் சொல்வார்: "ஒங்களப் பாத்ததும் இது மருந்துக் கையி பெத்த பிள்ளைன்னு எவனுக்கும் தெரியக் கூடாது."

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் நோய்க்குக் குடிப்பது அல்ல. வெடிக்குள் போடுகிறது. அது கையில் சாம்பல் நிறமாக ஏறிவிட்டால் எத்தனை சோப்புப் போட்டாலும் ரேகைக்குள் நின்றுகொள்ளும். அம்மாவின் கை அப்படித்தான் இருந்தது. அப்பாவின் கையில் அதுவும் இல்லை, ரேகையே இல்லை.

அப்பா கம்பெனியில் மருந்து கலக்குகிறவராக இருந்தார். அப்போது அவர் ஊரிலேயே பெரிய மைனர் என்று அம்மா சொல்வாள். சம்பளம் வந்ததும் முதலில் சட்டைத் துணிதான் எடுப்பாராம். மருந்து அறைக்குள் போகிறவர்கள் பருத்தித் துணி தவிர வேறெதுவும் உடுத்தக் கூடாது என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். நைலான், பாலியஸ்டர் எல்லாம் உரசினால் பொறி வரும். தீப்பிடித்தாலோ உருகி மேலோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அன்றைக்கு மதியத்துக்குமேல் சாத்தூரில் என் மாமாவுக்கு நிச்சயதார்த்தம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து மாற்றிக்கொண்டு போக நேரமிருக்காது என்று, புதிதாகத் தைத்த மினுமினுப்பான பாலியஸ்டர் சட்டையை உள்ளே போட்டு, அதன்மேல் பழைய பருத்திச் சட்டையை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். பக்கத்து அறையில்தான் முதலில் தீப் பிடித்தது. வெளியே ஓடிவந்தவர்களில் மற்றவர்களுக்குச் சட்டை எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. அப்பாவின் சட்டை உதிரவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் அதைத் தோலோடு சேர்த்துத்தான் எடுத்தார்களாம்.

முகம் தப்பித்தது. தாடைக்குக் கீழே கழுத்து, நெஞ்சு, இரண்டு கைகள் எல்லாம் போயிற்று. "சொக்காய் ஆசை ஆளையே முழுங்கிருச்சு" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட மனிதர் அதன்பிறகு துணிமணியையே வெறுத்திருக்க வேண்டும் இல்லையா? அதுதான் நடக்கவில்லை. முன்பைவிட மோசமாகப் பிடித்துக்கொண்டார். முழுக்கை வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு மொடமொடவென்று, கழுத்துப் பொத்தான்வரை பூட்டி, அதன்மேல் துண்டு. முழங்கை முழுதாக மடங்காததால் அந்தக் கழுத்துப் பொத்தானுக்கு மட்டும் அவருடைய கை எட்டாது. தினமும் காலையில் அவர் முகவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பார், அக்கா பூட்டிவிடுவாள். அவர் எங்களைக் கிளப்புவதும் அக்கா அவரைக் கிளப்புவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

ஒருநாள் பாவாடை ஓரம் கிழிந்ததைத் தைக்கச் சோம்பல்பட்டு ஊக்கு குத்திக்கொண்டு கிளம்பினேன். தெருமுனைவரை வந்து பிடித்துவிட்டார். பிடரியில் ஓங்கி ஓர் அடி. வலிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் கைத்தோல்தான் வெடித்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தோலுக்கு அவ்வளவுதான் தெம்பு. அதைப் பார்த்து நான் ஓவென்று அழ, அடிபட்ட வலி என்று நினைத்துத் தெருவே அவரை ஏசியது. "பொட்டப்பிள்ளையை இப்பிடியாய்யா அடிப்பே" என்று. அவர் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, "ஊக்கக் கழட்டு" என்றார், அவ்வளவுதான். அது பாசம் என்று இப்போது எழுதிவிடலாம். அப்போது பார்த்த எனக்குத் தெரியும், அது பயம். நாங்களும் அந்த வேனில் ஏறிவிடுவோமோ என்கிற பயம். எங்களைப் பார்த்துப் பார்த்து அவர் செய்ததெல்லாம் அந்த ஒன்றைத் தள்ளிவைக்கத்தான்.

அக்கா பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியபோது அந்தப் பயம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா ஒருத்தி சம்பளத்தில் இருவரையும் படிக்கவைக்க முடியாது. அப்போதுதான் விருதுநகரில் சில வியாபாரிகள் சேர்ந்து, பட்டாசு விபத்தில் அடிபட்டவர்களின் பிள்ளைகளை ஹாஸ்டலில் சேர்த்துக் கல்லூரிவரை படிக்கவைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். குடும்பத்தோடு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

அம்மாவோடு வேலை பார்க்கும் பேச்சியக்கா முதல்நாளே வந்து சொன்னாள்: "அண்ணே, நீங்க பாட்டுக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போற மாதிரி போயிறாதீக. தலைக்கு எண்ணெ வைக்காம, பழசப் போட்டுக் கூட்டிட்டுப் போங்க. பாத்ததும் பாவம்னு தோணணும்ல?"

"பிச்சை கேக்கவா போறோம்? படிப்புக் கேக்கப் போறோம்" என்றார் அப்பா. "அழுக்கா நின்னா, அழுக்கா இருக்கிற எடத்துலதான் ஒக்காரச் சொல்லுவான்."

மறுநாள் இன்ஸ்பெக்சன் பலமாக இருந்தது. அம்மாவுக்கும் சேர்த்து. பஸ்ஸில் மடிப்புக் கலைந்துவிடும் என்று எங்களை உட்காரவே விடவில்லை. சாத்தூரிலிருந்து விருதுநகர்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஒரு வத்தல் மண்டிக்கு மேலே மாடியில் அந்த அறை. மிளகாய் நெடி படியேறி வந்துகொண்டிருந்தது. காத்திருந்தவர்கள் எல்லாம் தும்மினார்கள். எங்களுக்கு முன்னால் ஓர் அம்மாள், செருப்பில்லாத இரண்டு பிள்ளைகளோடு, பரட்டைத் தலையோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா எங்களை உட்கார விடவில்லை.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் நல்ல மனிதர். அதை நான் சொல்லியாக வேண்டும். எங்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அக்காவின் மார்க்கைப் பார்த்துத் தலையசைத்தார். ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் அவர் முன்னால்தான் இருந்தது. காகிதம் அன்றைக்கு வந்த எல்லோரிடமும் இருந்தது. எங்களை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாகத்தான் சொன்னார்: "ஒங்களப் பாத்தா நல்லபடியாத்தான் இருக்கீக. பிள்ளைகளை லட்சணமா வச்சிருக்கீக, சந்தோசம். வெளிய ஒக்காந்திருக்கவுகளப் பாத்தீகள்ல? மொதல்ல அவுகளுக்குச் செய்யணும்ல?"

அப்பா கைகளைத் துண்டுக்குள் வைத்திருந்தார். "எனக்கும் விபத்துதான்யா" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதேயில்லை.

"இருக்கலாம். ஆனா நடமாட்டமா இருக்கீகள்ல, அதச் சொல்றேன்."

அம்மா சட்டென்று அப்பா பக்கம் திரும்பி, "சட்டையக் கழட்டிக் காட்டுங்க" என்றாள். அப்பா அசையவில்லை. "காட்டுங்களேன். பிள்ளைக்காக ஒரு தடவை காட்டுங்களேன்." அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள், அந்தப் பெரியவரை அல்ல, அப்பாவை.

எங்கள் முன்னால் அப்பா ஒருநாளும் சட்டை இல்லாமல் இருந்ததில்லை. குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவை மட்டும்தான் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர் மெல்ல எழுந்து துண்டை எடுத்து நாற்காலியில் வைத்தார். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, தினமும் காலையில் நிற்பதுபோலவே முகவாயைத் தூக்கினார்.

அக்கா எழுந்தாள். அவர் கழுத்தருகே கையைக் கொண்டுபோனாள். பொத்தானைத் தொட்டாள் என்றுகூட நினைக்கிறேன். அப்புறம் காலரை நேராக இழுத்துவிட்டு, துண்டை எடுத்து அவர் தோளில் போட்டு, "வேண்டாம்ப்பா. வாங்க, போவோம்" என்றாள்.

பெரியவர் ஏதோ கூப்பிட்டுச் சொன்னார். அம்மா நின்றாள், அக்கா நிற்கவில்லை. மாடிப்படியில் மிளகாய் நெடி கண்ணைப் பிடுங்கியது. அதனால் யார் அழுதார்கள், யார் அழவில்லை என்று சொல்ல முடியாது. திரும்பிவரும்போது பஸ்ஸில் இடம் இருந்தது, எல்லோரும் உட்கார்ந்தே வந்தோம். மடிப்பைப் பற்றி அப்பா எதுவும் சொல்லவில்லை.

அக்கா கொஞ்ச காலம் வீட்டில் இருந்தே வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றினாள். பதினெட்டு முடிந்ததும் அம்மாவோடு வேனில் ஏறினாள். முதல்நாள் காலையில் அப்பா அவளை வாசலில் நிறுத்தினார். அதே இன்ஸ்பெக்சன்தான், ஆனால் தலைகீழாக. கொலுசைக் கழற்றச் சொன்னார். கொண்டை ஊசியை உருவச் சொன்னார். ரிப்பன் நைலான், அது வேண்டாம் என்றார். சேலை ஓரத்தில் ஒரு நூலை உருவி, அதைக் கொளுத்த என்னிடம் சொல்லி, அது உருண்டு திரளாமல் சாம்பலாகிறதா என்று குனிந்து பார்த்தார். எத்தனையோ வருஷம் பார்த்துப் பார்த்துப் பூட்டி அழகு பார்த்த பிள்ளையிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்துவிட்டு, வெளுத்துப்போன பருத்திச் சேலையில் அவளை நிறுத்திப் பார்த்தபோது, "போயிட்டு வா தாயி" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வேன் வந்துவிட்டது. வேன் போனபிறகு அன்று முழுவதும் அவர் சட்டை கழுத்தில் திறந்தே கிடந்தது. பூட்ட அக்கா இல்லை, நான் பூட்டுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

அக்காவின் சம்பாத்தியத்தில் நான் நர்சிங் படித்தேன். இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் இருக்கிறேன். அப்பா இல்லை. அம்மா என்னோடு இருக்கிறாள், கண் சரியாகத் தெரிவதில்லை. அந்த மாடி அறையும் மண்டியும் போய், அந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. இரட்டைச்சடை போட்டு ரிப்பன் கட்டிய பிள்ளைகளைத் தெருவில் பார்ப்பது அபூர்வம். எல்லாம்தான் போய்விட்டது, விடியுமுன்பு வருகிற அந்த வேன் மட்டும் போகவில்லை. அக்கா இன்னும் அதில்தான் போகிறாள். அத்தான் லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். அவள் எப்படிக் கிளம்பிப் போகிறாள் என்று பார்க்க அந்த வாசலில் இப்போது யாருமில்லை.

எங்கள் வார்டுக்கு விபத்துக்காரர்கள் வரும்போது, பின்னாலேயே ஓடிவருகிற வீட்டாரிடம் முதலில் கேட்கிற கேள்வி, "காலையில என்ன சேலை கட்டியிருந்தாங்க?" என்பதுதான். முகம் அடையாளம் தெரியாமல் போன இடத்தில் துணியின் ஒரு துண்டு ஆளைச் சொல்லும். ஒருநாள் ஒரு மனிதர் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். நான் பார்க்கல, நான் பார்க்கல என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டு, சும்மா கேட்பதுபோல, இன்றைக்கு என்ன கலர் சேலை என்று கேட்டேன். கலரைச் சொன்னாள். எதற்கு என்று கேட்கவில்லை.

அதிலிருந்து தினமும் வேன் ஏறுமுன் அவளே கூப்பிடுகிறாள். நலமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கிடையாது, அதற்கு நேரமுமில்லை. தீபாவளி சீசன் நேரம் வேறு. இன்று காலையிலும் கூப்பிட்டாள்.

"மாம்பழ மஞ்சள். பச்சைக் கரை."

"ஒனக்கு எடுப்பா இருக்கும்க்கா" என்றேன்.