வீட்டுக்காரர் காய்ச்சிய பியர்

ஜெர்மனியில் எசன் நகரத்தில் நாங்கள் இருந்த கட்டடத்தை இடிக்கப் போவதாக அறிவித்தல் வந்தது. மனிசி வயிற்றில் மூன்றாவது பிள்ளை. பார்க்கப் போன இடமெல்லாம் வீட்டுக்காரர்கள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்கிறோம் என்றார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு கிழவர் தன் மேல்வீட்டைத் திறந்து காட்டினார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். காட்டி முடித்ததும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் எங்களை இருத்திவிட்டு, நிலவறைக்குப் போய் இரண்டு போத்தலோடு வந்தார். தானே காய்ச்சிய பியர். சனிக்கிழமை தன் பிறந்தநாள், சுரங்கத்துக் கூட்டாளிகள் வருவார்கள், அவர்களுக்குத்தான் இது, இன்னும் ஒருவரும் குடித்துப் பார்க்கவில்லை என்றார். எனக்கு ஜெர்மன் மட்டுமட்டு. மனிசிதான் தமிழில் சொன்னாள்.

கிளாசைச் சரித்து மெதுவாக ஊற்றினார். அவர் குடிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனிசி சிரித்த முகத்தோடு எனக்குச் சொன்னாள்: "வீடு வேணுமெண்டால் நல்லாயிருக்கெண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கதைக்காதேங்கோ."

குடித்தேன். கடைப் பியரில் இல்லாத ருசி.

"நல்லாயிருக்கு," என்றேன். "பின்னேரக் கள்ளு மாதிரி. நல்ல புளிப்பு."

அவள் அவரிடம் "குட்" என்று ஒரே சொல்லில் முடித்தாள்.

கிழவர் விடவில்லை. இவர் நிறையச் சொன்னார், நீ கொஞ்சம்தானே சொல்கிறாய் என்று அவளைக் கேட்டார்.

"என்னப்பா சொல்ல?"

"உள்ளதைச் சொல்லு. நான் புகழ்ந்துதானே சொன்னனான்."

"உங்கடை கள்ளிலை இடி விழ. புளிக்குதெண்டால் பழுதாப்போச்செண்டுதான் இவங்கள் நினைப்பாங்கள்."

எனக்கு அது தெரியாது. கள்ளு புளித்தால்தானே ஏறும்.

கிழவர் விரலால் மேசையைத் தட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். புளிக்குதாம் என்று.

அவர் என் கிளாசை எடுத்து மூக்கில் பிடித்து மணந்தார். ஒரு வாய் குடித்தார். எழும்பிப்போய் மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினார். மற்றப் போத்தலைத் திறந்து குடித்தார். அதையும் ஊற்றினார். நிலவறைக்கு இறங்கினார். கீழே போத்தல்கள் முட்டுகிற சத்தம் கேட்டது.

"போச்சு," என்றாள் மனிசி. "இனிப் பிள்ளையை ரோட்டிலை பெறுறன். உங்களுக்கு அந்த வாயை வைச்சிருக்க ஏலாதே?"



அவர் ஒரு பெட்டி நிறையப் போத்தலோடு ஏறி வந்தார். முகம் சிவந்திருந்தது. எங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தார், மணந்தார், ஊற்றினார். குசினி முழுக்கப் புளிப்பு மணம். எழும்பிப் போவதா இருப்பதா என்று தெரியவில்லை. மனிசிக்குத்தான் பொறுக்க ஏலவில்லை. வீடு என்னமாதிரி என்று கேட்டேவிட்டாள்.

அவர் திரும்பாமலே ஏதோ சொன்னார். அவள் என் கையைப் பிடித்தாள்.

"பியர் வேறையாம், வீடு வேறையாம். முதலாம் திகதி எங்களைக் குடிவரட்டாம்."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். கிழவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். பெட்டியில் இன்னும் போத்தல்கள் இருந்தன. ஒன்றைக் கேட்டு வாங்கலாமோ என்று மனம் வந்தது. அவள் அழுகிற நேரம் கேட்கக்கூடாது என்று பேசாமல் இருந்தேன்.