சுழல மறுத்த குத்துவிளக்கு

முதலாளி அண்ணே, ஒரு வார்த்தை விசாரிக்காமல் செல்வியை வேலையை விட்டு அனுப்பினீர்கள். அனுப்ப வைத்தவன் நான்.

அப்போது தல்லாகுளத்தில் நம் கிராபிக்ஸ் சென்டரில் செல்வி ஒரு குத்துவிளக்கைக் கம்ப்யூட்டரில் வரைந்திருந்தாள். உச்சியில் அன்னம், அடியில் தாமரை, எல்லாம் வளைவு. பாத்திரக் கடைக்காரருக்குக் காட்ட அதைத் திருப்பினாள். திரை உறைந்து நின்றது.

"என்னம்மா, வெளக்கு மூச்சுப்பேச்சில்லாம கெடக்கு?" என்று அவர் சிரித்தார்.

அவளுக்கு வேலை சொல்பவன் நான்; எனக்கு மானம் போயிற்று. "இந்தப் புள்ளைக்கு வளைவு போடவே தெரியலண்ணே. அம்புட்டும் குப்பை" என்று எல்லார் முன்னாலும் உங்களிடம் சொன்னேன்.

"சரியாத்தான் சார் போட்டேன், ஒருக்கா பாருங்க" என்றாள். நான் பார்க்கவில்லை. அன்றே அவளை நிறுத்தினீர்கள்.

மறுநாள் அவள் கோப்பைத் திறந்தேன். வளைவுகளில் ஒரு குறையும் இல்லை. வளைந்த பரப்பைத் திரையில் காட்டக் கம்ப்யூட்டர் அதைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டும். அந்தத் துண்டுகளின் எண்ணிக்கை உச்சத்தில் இருந்ததால்தான் கம்ப்யூட்டர் திணறி நின்றிருக்கிறது. நாம் எல்லோரும் வேலை தொடங்கும் பொதுக் கோப்பில், ஒரு போஸ்டருக்காக அதை ஏற்றியவன் நான். இறக்க மறந்தவனும் நான்தான். குறைத்தேன். விளக்கு பம்பரமாகச் சுழன்றது.

உங்களிடம் சொன்னேன். "விடு மாப்ள, வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் கேவலம்" என்றீர்கள். நானும் விட்டேன். கடைக்காரர் சொல்லிப் பரப்பியதில் வேறு எந்த சென்டரும் அவளை எடுக்கவில்லை.

என் தப்பை என் பெயர் போடாமல்தான் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். அந்தக் கோழைத்தனமும் என்னுடையதே. ஆனால் உண்மை தெரிந்த பிறகும் அவளை ஏன் திரும்பக் கூப்பிடவில்லை? அண்ணே, இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள்.